தலைக்கட்டுக் கணக்கு

அன்புள்ள ஐயா,

எங்களுடையது உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். தை மாதம் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். சிறப்பு மலர் போடுகிறார்கள். 'ஊர் வரலாறு' என்று நான்கு பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. ஊரில் கல்வெட்டு கிடையாது, ராஜா யாரும் வந்ததாகக் கதையும் கிடையாது. சரி, மக்கள்தொகையாவது எழுதலாம் என்று பார்த்தால் இணையத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் என்று போட்டிருக்கிறது. ஊரில் இருநூறு வீடு இருந்தாலே அதிகம். கோயில் வரி கட்டுவது 140 தலைக்கட்டு, அதாவது 140 குடும்பம். எந்த எண்ணைப் போடுவது? வரலாறு என்று எதை எழுதுவது?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் தப்பு இல்லை. ஆனால் அது உங்கள் ஊரின் எண் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராமம் என்றால் வருவாய் கிராமம். நாம் ஊர் என்று சொல்வது பல சமயம் அதற்குள் அடங்கிய ஒரு துண்டுதான். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இன்ன கிராமம், 'மஜரா' இன்ன ஊர் என்று எழுதியிருக்கும். மஜரா என்றால் தாய்க்கிராமத்தோடு சேர்ந்த குக்கிராமம். தாய்க்கிராமம், இரண்டு மூன்று மஜரா, காலனி எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த எண் வந்திருக்கும். ஊராட்சி வேறு கணக்கு. அதன் எல்லையும் வருவாய் கிராமத்தின் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. மூன்றையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட மலர்கள் என் அலமாரியில் நிறைய உண்டு.

இன்னொன்று, அந்த எண் 2011-ஐச் சேர்ந்தது. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. மலரில் ஆண்டைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்போது உங்கள் 140 தலைக்கட்டு. எனக்கு இதுதான் சுவாரசியமாக இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் ஒருவர் எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கே எண்ணப்படுவார். அதாவது உங்களைத் திருப்பூரில் எண்ணுவார்கள். ஆனால் மாரியம்மனுக்கு நீங்கள் இன்னும் ஊர்க்காரர்தான். வரி கட்டுகிறீர்கள், மலருக்குக் கட்டுரையும் எழுதுகிறீர்கள். தலைக்கட்டுக் கணக்கு ஊரை விட்டுப் போனவனை விடாது. ஆனால் ஊரிலேயே இருக்கிற சிலரை அது எண்ணாது.

என் அப்பா சில வருஷம் எங்கள் ஊர்க் கோயில் வரி நோட்டை வைத்திருந்தார். நீல அட்டை போட்ட நோட்டு. தெருத்தெருவாகப் பெயர், எதிரே தொகை, கொடுத்தவருக்கு ஒரு டிக். மேலத்தெரு முடிந்து கீழத்தெரு, அப்புறம் கடைசிப் பக்கத்தில் செலவு: பந்தல், மேளம், வாணம், பறை. பறை அடிக்கிறவர்கள் அந்தச் செலவுப் பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் தெருவிலிருந்து ஒரு பெயர்கூட வரிப் பக்கத்தில் இல்லை. என் அத்தை ஒருத்தி தாலி அறுத்து, இரண்டு பெண் குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கே வந்து தனி அடுப்பு வைத்திருந்தாள். அவள் பெயரும் இல்லை. "அவ வீட்ல ஆம்பள ஏது?" என்றார் அப்பா. அவள் வருஷம் தவறாமல் உண்டியலில் காசு போட்டாள். நோட்டில் ஏறவில்லை.

உங்கள் ஊர் நோட்டும் எங்கேயாவது இருக்கும். பழைய தர்மகர்த்தா வீட்டில் விசாரியுங்கள். கணக்கெடுப்புத் துறை மாவட்டவாரியாக வெளியிட்ட கையேடுகள் 1951 முதல் இருக்கின்றன. அவற்றில் கிராமவாரியாகத் தலைகள் மட்டும் இல்லை. சொந்த நிலத்தில் உழுகிறவர் எத்தனை, கூலிக்குப் போகிறவர் எத்தனை என்பதுவரை கிடைக்கும். 2011 கையேட்டில் பட்டியல் சாதி மக்கள் எண்ணிக்கையும் தனியாக உண்டு. நோட்டையும் கையேட்டையும் பக்கத்தில் வைத்தால் யார் விடுபட்டார்கள் என்று தெரியும். கும்பாபிஷேக மலரில் அதை எழுத விடுவார்களா என்பது உங்கள் கமிட்டியின் சமாச்சாரம். நானாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு, வெட்டினால் வெட்டட்டும் என்று இருப்பேன்.

ராஜா வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். இதற்கு நல்ல உதாரணம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. இருவேல்பட்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டம். கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அடுத்த வருஷம் விடுமுறையில் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி என்ன என்கிற மாதிரிக் கேள்விகள். இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே தூசி, திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கம் வடமலைபுரம், தஞ்சாவூர் ஜில்லாவில் பாலக்குறிச்சி எல்லாம் 1918-ல் புத்தகமாக வந்தன. 1936-37-ல் வேறு ஆட்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் போனார்கள். ஊரையே பிடியில் வைத்திருந்த ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பம், அதன் பண்ணையில் அடிமை மாதிரி கிடந்த படியாட்கள், பிறகு அந்தப் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது என்று தொண்ணூறு வருஷத்துக் கதை அதில் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு அப்படி யாரும் கேள்வித்தாளோடு வரவில்லை. பரவாயில்லை, நீங்களே போங்கள். முதல் கேள்வி குலதெய்வம். ஒவ்வொரு பங்காளி வகையறாவிடமும் குலதெய்வம் எந்த ஊரில் என்று கேளுங்கள். பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது என்றால் அவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். ஊருக்குள்ளேயே இருந்தால் பழைய ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து வைத்ததா என்று கேளுங்கள். எந்தத் தலைமுறையில், எதற்காக என்றும் கேளுங்கள். "தாது வருஷத்துல பொழைக்க வந்தவங்க" என்று யாராவது சொன்னால் காலம் கையில் கிடைத்த மாதிரி. தாது வருஷம் 1876-77, பெரும் பஞ்சம் வந்த வருஷம். அந்தப் பஞ்சத்துக்கு முன்னால், 1871-ல் ஒரு கணக்கெடுப்பு, பின்னால் 1881-ல் ஒன்று. பத்து வருஷத்தில் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை ஏறுவதற்குப் பதில் இறங்கியிருந்தது. சேலம் ஜில்லாவில் இழப்பு மிக அதிகம்.

காகிதங்களைப் பற்றி அதிகம் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஊர்க் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணம் வேலையை 1980-ல் எடுத்தார்கள். பல ஊர்களில் பழைய கட்டுகள் பரணிலேயே கரையானுக்குப் போயின. தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேடு என்ற நிலப் பதிவேடு கிடைத்தால் அதில் வாய்க்கால், குளம், சுடுகாடு, நத்தம் எது எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் என்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். அங்கே 1767-லிருந்து 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பார்னார்ட் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். வீடு எத்தனை, யாருக்கு என்ன மானியம் என்று ஓலையில் தமிழில் எழுதிய கணக்கும் மிஞ்சியிருக்கிறது. உங்களைப் போன்ற பழைய தென்னார்க்காடு ஜில்லாக்காரர்களுக்கு அந்த யோகம் இல்லை.

கடைசியாக ஒன்று. இந்த மாதிரி மலர்களில் வரலாறு சொல்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் ஊரைவிட்டு நகராதவர்கள், அதனால் ஊர் எப்போதும் இப்படியே இருந்தது என்பார்கள். கட்டிக்கொண்டு வந்த பெண்களிடம் பிறந்த ஊர் எது என்று கேளுங்கள். ஊரின் பாதிப் பேர் வெளியூரில் பிறந்தவர்கள் என்று தெரியவரும். ஒரு தாளில் அந்த ஊர்களைக் குறித்துக் கோடு போட்டுப் பாருங்கள். எண்பது வயதுக்காரர்களின் கோடுகள் நடந்தே போய்வரும் தூரத்தில் நின்றுவிடும். நாற்பது வயதுக்காரர்களின் கோடுகள் பஸ் ஏறியிருக்கும். என் அம்மாவிடம் ஒருமுறை இப்படிக் கேட்டேன். அறுபது வருஷமாக ஊரில் இருக்கிறவள், "நான் இந்த ஊருக்கு வந்தப்ப" என்றுதான் ஆரம்பித்தாள்.

மலருக்கு எண் வேண்டும் என்றால் இரண்டையும் போடுங்கள்: வருவாய் கிராமத்துக்கு 2011 கணக்கு, ஊருக்கு நீங்களே வீடு வீடாக எண்ணியது. எண்ணிய தேதியையும் போடுங்கள். காலனியையும் சேர்த்து எண்ணுங்கள்.

அச்சானதும் எனக்கு ஒரு பிரதி. விலை வைத்திருந்தால் ஜிபே எண்ணும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.