இரைக்கிறது, ஆனால் ஆக்சிமீட்டரில் 98: எப்படி?

திருவையாற்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வயது 44, கடையில் உட்கார்ந்தே வேலை. இரண்டு மாதமாகக் காலையில் காவிரிக் கரையில் ஓடுகிறேன். முதல் ஐந்து நிமிடம் பயங்கரமாக இரைக்கிறது, அப்புறம் தானாக அடங்கிவிடுகிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை, நின்றவுடன் இரைப்போடு மாட்டிப் பார்த்தால் 98. மெஷின் பொய் சொல்கிறதா, நுரையீரல் பலவீனமா? வாயால் மூச்சு விடலாமா?"

மெஷின் மேல் பழி போடாதீர்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது என்பதைத்தான் அந்த 98 சதவீதம் சொல்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால்தான் இரைக்கும் என்று பலரும் நினைக்கிறோம், அது அப்படியில்லை. கால் ஓடத் தொடங்கியதுமே மூளை மூச்சையும் சேர்த்துக் கூட்டிவிடும். அதன்பின் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிப்பதில் பெரிய பங்கு ரத்தத்திலுள்ள கரியமில வாயுவுக்கும் அமிலத்துக்கும்தான். தசை எரிக்க எரிக்க அந்த வாயு சேரும், அதை வெளியே தள்ளத்தான் இந்த இரைப்பு எல்லாம்.

கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு, மூச்சுக்கு அரை லிட்டர் காற்று. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும், அது தளர்ந்தால் நுரையீரல் ரப்பர் மாதிரி சுருங்கிக் காற்று தானாகவே வெளியே போகும், அதற்குத் தனி உழைப்பு கிடையாது. உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், வெளியே விடுவதிலும் 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஓடும்போது கதையே வேறு. வயிற்றுத் தசையும் விலா இடைத் தசையும் சேர்ந்து காற்றை நெட்டித் தள்ளும், நிமிடத்துக்கு 6 லிட்டராக இருந்தது முழு வேகத்தில் 100 லிட்டரைத் தாண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு அப்போதும் நுரையீரலில் கொஞ்சம் இருப்பு இருக்கும். முதலில் திணறுவது பெரும்பாலும் இதயமும் காலும்தான்.

அப்படியானால் முதல் ஐந்து நிமிடம்? தசை உடனே கேட்கிறது, இதயம் ரத்த ஓட்டத்தைக் கூட்ட இரண்டு மூன்று நிமிடம் எடுக்கிறது. அதுவரை தசை ஆக்சிஜன் போதாமலே சமாளிக்கும், அமிலம் சேரும், இரைக்கும். இரண்டும் ஒத்துப்போனதும் அடங்கிவிடும். எடுத்ததுமே ஓடாமல் பத்து நிமிடம் நடந்து, வேகத்தை மெல்லக் கூட்டினால் பாதித் தொல்லை போய்விடும்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். மதகைத் திறந்தால் முதல் தண்ணீர் வாய்க்காலை நிரப்பிவிட்டுத்தான் வயலுக்குப் போகும், இல்லையா? மூச்சிலும் அதே கணக்கு. மூக்கிலிருந்து மூச்சுக்குழாய்க் கிளைகள் வரை சுமார் 150 மில்லி காற்று சும்மா நிற்கும், ரத்தத்தோடு கலக்காது. அரை லிட்டராக 12 மூச்சு விட்டால் ரத்தத்தோடு கலக்கும் இடமான காற்றுப்பைக்குப் போவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை கால் லிட்டராக 24 மூச்சாக உடைத்தால் வெறும் 2.4 லிட்டர்தான். வாய்க்கால் நிறைந்தது, வயல் காய்ந்தது! பதற்றத்தில் மேலோட்டமாக இரைக்கிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. எனவே எண்ணிக்கையைக் கூட்டாமல் ஆழத்தைக் கூட்டுங்கள், முக்கியமாக வெளியே விடுவதை நீட்டுங்கள். இரண்டு காலடிக்கு மூச்சை இழுத்து மூன்று காலடிக்கு விட்டுப் பாருங்கள், எனக்கு அது ஒத்துவருகிறது.

வாயால் தாராளமாக விடலாம். மெதுவாக ஓடும்வரை மூக்கு போதும், வேகம் கூடினால் உடம்பே வாயைத் திறந்துவிடும், அதோடு சண்டை போடாதீர்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிந்தால் வேகம் சரி.

ஆனால் நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், மூச்சில் விசில் சத்தம், ஓடி முடித்தபின் விடாத இருமல், படியேறினாலே இரைப்பு, இதில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஓட ஓடச் சரியாகிவிடுகிறதே என்று நெஞ்சு அழுத்தத்தை விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

அறுவடைக் காலத்தில் நெல் காயப்போட்டிருக்கும் ரோட்டுப் பக்கம் ஓடப் போகாதீர்கள். சும்மா நடந்தாலே அந்தச் சுணை தொண்டையில் அரிக்கும், ஓடும்போது அதைப் பல மடங்கு இழுப்பீர்கள்.