ரிப்போர்ட் ‘நார்மல்’, உடம்பு மட்டும் சரியில்லை: தைராய்டு கேள்வி பதில்

ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட், மாத்திரை எடுக்கும் முறை, டாக்டரிடம் என்ன கேட்பது: இவற்றுக்குப் பதில் சொல்கிறேன். டோஸை மாற்றச் சொல்ல மாட்டேன், அது உங்கள் டாக்டர் வேலை. உடம்பு இளைக்க டயட் கேட்பவர்களுக்கு நான் சரியான ஆள் இல்லை. ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் போடும்போது அந்த ஆய்வகத்தின் நார்மல் அளவையும் சேர்த்துப் போடுங்கள்.

திருச்சி: மேடம், ஆறு மாசமா களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டுது. டாக்டர் ‘டென்ஷன், நல்லா தூங்குங்க’ன்னு சொல்லி அனுப்பிடுறார். டெஸ்ட் எழுதவே மாட்டேங்கிறார். எப்படிக் கேட்கிறது?

‘களைப்பா இருக்கு’ என்பது ஓபியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சொல்வது. அளந்து சொல்லக்கூடியதை எழுதிக் கொண்டுபோங்கள், அரைப் பக்கம் போதும். ஆறு மாதத்துக்கு முன் எடை, இப்போது எடை. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பு, மூன்று நாள். கடைசி நான்கு மாதவிடாய்த் தேதிகள். குரல் கரகரப்பு, மற்றவர்கள் ஃபேன் போடும்போது உங்களுக்கு மட்டும் குளிர்வது உண்டா. அம்மா, அக்கா தங்கைக்குத் தைராய்டு உண்டா. கடந்த ஒரு வருடத்தில் பிரசவம் ஆனதா. லித்தியம், அமியோடரோன் மாத்திரை எடுக்கிறீர்களா.

பிறகு நேராகக் கேளுங்கள்: “டிஎஸ்ஹெச்சும் ஃப்ரீ டி4-ம் பார்த்துடலாமா டாக்டர்?” டிஎஸ்ஹெச் என்பது தைராய்டை வேலை வாங்கும் கட்டளை ஹார்மோன்: தைராய்டு குறைந்தால் அது கூடும், மிகுந்தால் குறையும். ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன். வேண்டாம் என்றால் மூன்று கேள்வி. வேறு எதைச் சந்தேகிக்கிறீர்கள்? அதற்கு என்ன பரிசோதனை? குறையவில்லை என்றால் எப்போது திரும்ப வரட்டும்? பதிலை ஓபி சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றாலே பலர் பரிசோதனையை எழுதிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘தைராய்டு ப்ரொஃபைல்’ என்று விற்கும் பல பேக்கேஜில் இருப்பது டோட்டல் டி3, டோட்டல் டி4, டிஎஸ்ஹெச். கர்ப்பமோ கருத்தடை மாத்திரையோ இருந்தால் ரத்தத்தில் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கூடி, டோட்டல் எண் சும்மாவே ஏறும். ஃப்ரீ டி4 என்று வாயால் கேட்டு வாங்குங்கள். கூடவே சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, சர்க்கரை. களைப்புக்கும் முடி கொட்டுவதற்கும் இரும்புச்சத்துக் குறைவு தைராய்டுக்குச் சமமான போட்டியாளர்.

கோவை: டிஎஸ்ஹெச் 0.08 (0.4–4.2), ஃப்ரீ டி4 அதிகம். ஆனா படபடப்பு, கை நடுக்கம், எடை குறையறது எதுவுமே இல்ல. ஹைப்பர்னு மாத்திரை ஆரம்பிக்கச் சொல்றார்.

முடிக்கு, நகத்துக்கு என்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அட்டையின் பின்பக்கம் பயோட்டின் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். பல ஆய்வக இயந்திரங்கள் பயோட்டினைப் பிடிமானமாக வைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடும். அச்சு அசலாக ஹைப்பர் தைராய்டு (ஹார்மோன் மிகுதி) ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதற்கு முன் கார்பிமசோல் (தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மாத்திரை) ஆரம்பிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் பயோட்டின் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

நாமக்கல்: டெஸ்ட் வெறும் வயித்துல எடுக்கணுமா?

தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காலையில், ஒரே ஆய்வகத்தில். டிஎஸ்ஹெச் இரவிலும் விடியலிலும் ஏறும், மதியம் இறங்கும். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று எடுத்து ஒப்பிடக் கூடாது. மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

தஞ்சாவூர்: அக்காவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சு, நாலு யூனிட் ஏத்தினாங்க. தாய்ப்பால் சுரக்கவே இல்ல. அதுக்கப்புறம் மாதவிடாய் வரல. எப்பவும் சோர்வு, குளிர், அடிக்கடி தலைசுற்றல். டிஎஸ்ஹெச் 2.1, நார்மல். மூணு டாக்டர் ‘மனசுதான்’னு சொல்லிட்டாங்க.

இன்று வந்ததில் இதுதான் முக்கியமான கேள்வி.

டிஎஸ்ஹெச் தைராய்டு சுரப்பியில் உண்டாவது அல்ல, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை. தைராய்டு கெட்டால் கட்டளை கூடும். பிட்யூட்டரியே கெட்டால் கட்டளை கூட வழியில்லை, ரிப்போர்ட்டில் நார்மல் மாதிரி நிற்கும். பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போய் பிட்யூட்டரி கருகிப்போவதற்கு ஷீஹன் சிண்ட்ரோம் என்று பெயர். பால் சுரக்காதது, மாதவிடாய் திரும்பாதது, பிறகு வருடக்கணக்கில் சோர்வு: நீங்கள் எழுதிய வரிசை அதன் வரிசையேதான். அது இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கேட்க வேண்டியவை: ஃப்ரீ டி4, காலை 8 மணி கார்டிசால் (நெருக்கடியில் உடம்பைத் தாங்கும் ஹார்மோன்), ப்ரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், சோடியம். இவற்றில் குறை தெரிந்தால் பிட்யூட்டரி எம்ஆர்ஐ. நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போங்கள். வேலூர் சிஎம்சியிலும் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்குத் தனித்துறை உண்டு. அங்கே முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “பிரசவத்தில் ரத்தப்போக்கு, நான்கு யூனிட் ஏற்றினார்கள், பால் சுரக்கவில்லை, இரண்டு வருடமாக மாதவிடாய் இல்லை.” பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்க வேண்டும். முடி, தோல், மனக்கவலை எல்லாம் அதற்குப் பிறகு.

இதை மறக்காதீர்கள்: கார்டிசால் பார்க்காமல் யாராவது தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுத்தால் தொடங்க வேண்டாம். கார்டிசால் குறைவாக இருக்கும்போது தைராக்சினை முதலில் கொடுத்தால் இருக்கிற கொஞ்சமும் வேகமாகத் தீர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கார்டிசாலை ஈடுகட்டும் ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு. வாந்தி, பிரஷர் இறக்கம், மயக்கக் கலக்கம் வந்தால் ஓபிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவு.

மதுரை: வயசு 38. டிஎஸ்ஹெச் 4.9 (0.4–4.2), ஃப்ரீ டி4 நார்மல். சோர்வு இருக்கு. மாத்திரை வேண்டாங்கிறார். இது அலட்சியம்தானே?

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து வேண்டாம் என்றால் அலட்சியம் இல்லை. இந்த அளவில் பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். 2–3 மாதம் கழித்து மறுபடி, கூடவே ஆன்ட்டி டிபிஓ (தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை).

ஓசூர்: மன்னிக்கணும் மேடம், நீங்களும் அவங்க பக்கமே பேசுறீங்க. 2.5-க்கு மேல போனாலே தைராய்டுதான். ‘ரேஞ்சுக்குள்ள இருக்கு’ன்னு சொல்லியே பொம்பளைங்கள துரத்துறாங்க.

துரத்துகிறார்கள் என்பது சரி. 2.5 சரியில்லை. அது கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்காக அமெரிக்க தைராய்டு சங்கம் 2011-ல் சொன்ன எல்லை. 2017-ல் அவர்களே அதைத் தளர்த்தி, உள்ளூர் அளவு இல்லாத இடத்தில் 4 என்றார்கள். கர்ப்பம் இல்லாதவர்களுக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டியது வாட்ஸப்.

ஓசூர்: அப்போ சோர்வு பொய்யா? ஒரு 25 மாத்திரை குடுத்துப் பார்த்தா என்ன குறைஞ்சுடும்?

சோர்வு உண்மை, காரணம்தான் கேள்வி. தேவையில்லாமல் தைராக்சின் ஏறினால் இதயத் துடிப்பு தப்பும், மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பு தேயும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த லேசான ஏற்றத்தில் மாத்திரை கொடுத்துப் பார்த்த டிரஸ்ட் ஆய்வில் (2017) சோர்வு குறையவில்லை.

சேலம்: மதுரைக்காரங்களுக்கு 38 வயசு. 65 ஆய்வ எதுக்கு இழுக்கறீங்க?

நியாயமான கேள்வி. 65-க்குக் கீழே இருப்பவர்களுக்கு பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி ஒரு வழி சொல்கிறது: மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறையும் டிஎஸ்ஹெச் எல்லைக்கு மேல், 10-க்குக் கீழ், அறிகுறியும் உண்டு என்றால் ஆறு மாதம் தைராக்சின் கொடுத்துப் பார்க்கலாம். டிஎஸ்ஹெச் நார்மலுக்கு வந்தும் சோர்வு தீரவில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். மதுரை, இரண்டாவது ரிப்போர்ட்டோடு போய் இதையே கேளுங்கள். 10-க்கு மேல் போனாலோ, குழந்தைக்கு முயற்சி செய்தாலோ கணக்கே வேறு, காத்திருக்கச் சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஓசூர்: அதைத்தானே நானும் சொன்னேன்.

இல்லை. நீங்கள் 2.5 என்றீர்கள். விடுவோம், வரிசையில் நிறையப் பேர்.

விழுப்புரம்: 75 எம்சிஜி தினமும் தவறாம போடுறேன். டிஎஸ்ஹெச் இறங்கவே இல்ல. ‘ஒழுங்கா சாப்பிடறதில்ல’ன்னு டாக்டர் திட்டுறார்.

எதோடு போடுகிறீர்கள்? தண்ணீரில் மட்டும், வெறும் வயிற்றில். காபி, டீ, சாப்பாடு எதுவும் 30 முதல் 60 நிமிடம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. பான்டோப்ரசோல் மாதிரி வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் உறிஞ்சுதலைக் குறைக்கும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். டப்பாவை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைக்காதீர்கள். தைரோநார்மிலிருந்து எல்ட்ராக்சினுக்குக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் தேதியைக் குறித்துவையுங்கள். எதை மாற்றினாலும் 6–8 வாரம் கழித்தே பரிசோதனை. இரண்டே வாரத்தில் எடுத்த எண்ணை வைத்து டோஸைக் கூட்டினால் அளவு தாண்டிப்போகும்.

கரூர்: சாப்பிட்டுட்டு டெஸ்ட் எடுக்கலாமா?

நாமக்கல்லுக்குச் சொன்ன பதில்.

நெல்லை: முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தொடவே கூடாதாமே?

வேகவைத்துச் சாப்பிடுங்கள். தள்ளிவைக்க வேண்டியது இந்துப்பு மோகத்தைத்தான், பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. பாக்கெட்டில் ‘அயோடின் சேர்த்தது’ என்று பார்த்து வாங்குங்கள்.

கடலூர்: தைராய்டால 20 கிலோ ஏறிட்டேன், டாக்டர் நம்பல.

ஹைப்போ தைராய்டால் (ஹார்மோன் குறைவு) ஏறுவது பொதுவாகச் சில கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மீதி 15 கிலோவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். குறட்டை உண்டா, சர்க்கரை பார்த்தீர்களா?

ஈரோடு: பயோட்டின் சாப்பிட்டா தைராய்டு வருமா?

வராது. ரிப்போர்ட்தான் பொய் சொல்லும். கோவைக்கு எழுதியதைப் படியுங்கள்.

பாண்டிச்சேரி: பிரசவம் ஆகி மூணு மாசம். படபடப்பு, தூக்கமில்ல, அழுகை. குழந்தை பெத்தா அப்படித்தான்ங்கிறாங்க.

இருக்கலாம். ஆனால் பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சியும் இப்படித்தான் தொடங்கும்: முதலில் ஹார்மோன் கசிந்து படபடப்பு, 4–8 மாதம் வாக்கில் குறைந்து சோர்வு. டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 இந்த வாரமே. அதிகமாக வந்தால் உடனே கார்பிமசோல் வேண்டாம், அது கசிவை நிறுத்தாது. கிரேவ்ஸ் நோயா (சுரப்பியே அதிகமாகச் சுரப்பது) என்று பிரித்தறிய டிஆர்ஏபி என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அழுகைக்கு மனநல மருத்துவரையும் பாருங்கள், ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று இல்லை.

வேலூர்: வெறும் வயித்துல தானே டெஸ்ட்…

நாமக்கல்.

ராணிப்பேட்டை: கார்பிமசோல் ஆரம்பிச்சு அஞ்சு வாரம். நேத்திலேருந்து தொண்டைவலி, ஜுரம் 101. மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்.

திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். அடுத்த கார்பிமசோலைப் போடாமல் இப்போதே பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். “கார்பிமசோல் சாப்பிடுகிறேன், ஜுரம், தொண்டைவலி, சிபிசி டிஃபரென்ஷியலோடு வேண்டும்” என்று சொல்லுங்கள். இந்த மாத்திரை அபூர்வமாகச் சிலருக்கு நியூட்ரோஃபில் வெள்ளணுக்களைத் துடைத்துவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். எண்ணிக்கை சரியாக இருந்தால் சாதாரணத் தொண்டைவலி, டாக்டர் சொன்னபடி மாத்திரையைத் தொடரலாம். குறைந்திருந்தால் அங்கேயே அட்மிட் செய்வார்கள். ‘வைரல் ஜுரம், சிபிசி வேண்டாம்’ என்றால் மாத்திரை அட்டையைக் காட்டி மறுபடி கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள், மற்ற கேள்விகளை அதுவரை நிறுத்திவைக்கிறேன்.