சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன்கள் பொம்மை விற்க எடுத்தவைதானா?

கேள்வி: 1980-களின் அமெரிக்க கார்ட்டூன்கள் பொம்மை விற்பதற்காகவே எடுக்கப்பட்டன, அவற்றை வரைந்ததும் வேறு நாட்டுக்காரர்கள் என்கிறார்களே, உண்மையா? தெரிந்த பிறகும் ரசிக்க முடிகிறதா?

முதல் இரண்டும் பெருமளவு உண்மை. ரசிப்பதைப் பொறுத்தவரை, எனக்கு முன்பைவிடக் கூடித்தான் இருக்கிறது.

விற்பனைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1969-ல் மாட்டல் நிறுவனத்தின் ஹாட் வீல்ஸ் கார் பொம்மைகளை வைத்து ஏபிசி தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் வந்தது. ‘இது நிகழ்ச்சியே இல்லை, நீளமான விளம்பரம்’ என்று போட்டி பொம்மைக் கம்பெனி ஒன்று புகார் கொடுத்தது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் எஃப்சிசி ஆணையமும் அதை ஏற்று, அதன் ஒரு பகுதியை விளம்பரக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. அந்தச் சூட்டில் எல்லோரும் கொஞ்ச காலம் அடங்கியிருந்தார்கள். ரீகன் ஆட்சியில் ஆணையத் தலைவரான மார்க் ஃபவுலர் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் மடை திறந்துகொண்டது.

வாள் ஏந்திய வீரன் ஹீ-மேனின் பொம்மையை மாட்டல் 1982-லேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. கார்ட்டூன் 1983-ல்தான் வந்தது. அவன் சவாரி செய்யும் பச்சைப் புலி எப்படி வந்தது தெரியுமா? மாட்டலிடம் பிக் ஜிம் என்ற பழைய பொம்மை வரிசைக்காகச் செய்த புலி அச்சு சும்மா கிடந்தது. ஹீ-மேன் பக்கத்தில் வைத்தால் புலி மிகப் பெரியதாகத் தெரிந்தது. சரி, சேணம் போட்டு ஏறி உட்கார வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நாம் வீரம் என்று நினைத்ததற்குப் பின்னால் இருந்தது அச்சுச் செலவு.

வாகனமாக உருமாறும் ரோபோக்களின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இன்னும் வெளிப்படை. ஜப்பானின் டகாரா நிறுவனம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த பொம்மைகளின் உரிமையை அமெரிக்க பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ வாங்கி, பெயரும் குணமும் எழுதித் தரும் வேலையை காமிக்ஸ் நிறுவனமான மார்வெலிடம் கொடுத்தது. யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதெல்லாம் அப்போது ஒட்டியதுதான். 1986-ல் வந்த திரைப்படத்தில் நல்லவர்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் செத்துப்போனதற்கும் காரணம் பொம்மை விற்பனையே. பழைய பொம்மைகளை ஓரங்கட்டிப் புதியவற்றுக்கு இடம் தர வேண்டியிருந்தது. தியேட்டரில் குழந்தைகள் அழுததைப் பார்த்துத் தயாரிப்பாளர்கள் ஆடிப்போனார்கள். அடுத்து வரவிருந்த, ஹாஸ்ப்ரோவின் ராணுவ வீரர் பொம்மைகளை வைத்து எடுத்த ஜி.ஐ. ஜோ படத்திலும் நாயகர்களில் ஒருவரான டியூக் சாவதாகத்தான் இருந்தது. அங்கே படத்தைத் தொடவில்லை, வசனத்தை மட்டும் மாற்றி, அவர் கோமாவில் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். காட்சியில் அவர் சாவது போலவேதான் இருக்கும்.

ஏன் படத்தை மாற்றவில்லை? இங்கேதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி வருகிறது. படம் வரைந்தது கடல் கடந்து. கதை, ஸ்டோரிபோர்டு, குரல் பதிவு எல்லாம் அமெரிக்காவில் முடியும். அப்புறம் கதாபாத்திர மாதிரிப் படங்களும், எந்த ஃபிரேமில் வாய் எப்படித் திறந்திருக்க வேண்டும் என்று கட்டம் கட்டிக் குறித்த தாள்களும் டோக்கியோவுக்கோ சியோலுக்கோ தைபேக்கோ போகும். அங்கே வரைந்து, வண்ணம் தீட்டி, கேமராவில் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். பேசும் மொழி புரியாதவர்கள்கூட அந்தத் தாளைப் பார்த்து உதடு அசைத்துவிடலாம். ஆனால் தப்பு வந்தால் திருத்த நேரம் இருக்காது. ஒளிபரப்புத் தேதி தலைமேல் நிற்கும். விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் இருபத்திரண்டு நிமிட அத்தியாயத்துக்கு 31,680 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நீட்டினாலும் பதினைந்தாயிரத்துக்கு மேல் வரும், அதனால்தான் ஆள் நிற்க வாய் மட்டும் அசையும் காட்சிகள் அவ்வளவு.

டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் என்ற மூன்று வில்லன் விமானங்கள் நினைவிருக்கிறதா? மூன்றுக்கும் ஒரே அச்சு, நிறம் மட்டும் வேறு. பொம்மைக் கம்பெனிக்கு அது சிக்கனம். ஆனால் வண்ணம் தீட்டுபவருக்குத் தலைவலி. அவசரத்தில் நிறம் மாறிப் பூசினால் ஸ்டார்ஸ்க்ரீம் குரலில் ஸ்கைவார்ப் பேசுவார். அந்தத் தொடரில் இது அடிக்கடி நடக்கும். ஆரம்பத்தில் ஜப்பானின் தோயி வரைந்தது; பிறகு நெல்சன் ஷின் தொடங்கிய தென்கொரியாவின் ஏகாம் ஸ்டுடியோவும் சேர்ந்தது. ரசிகர்கள் இன்றுவரை ஏகாமைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கொடுத்த காசுக்கும் கொடுத்த நாட்களுக்கும் அதுதான் வரும்.

வேலை வெளிநாடு போனது சண்டையில்லாமல் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹாலிவுட் கார்ட்டூன் தொழிற்சங்கம் 1979-ல் இதற்காக வேலைநிறுத்தம் செய்து வென்றது, 1982-ல் மறுபடி செய்து தோற்றது.

ஹீ-மேன் இதற்கு விதிவிலக்கு. ஃபில்மேஷன் ஸ்டுடியோவின் லூ ஷைமர் வேலையை அமெரிக்காவிலேயே வைத்திருந்தார். அதற்கான விலையையும் திரையில் பார்க்கலாம்: ஒரே ஓட்டம், ஒரே குத்து, வாள் தூக்கும் அதே காட்சி, அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்ப வரும்.

இப்போது நான் எப்படி ரசிக்கிறேன் என்று கேட்டீர்களே. யார் கை வேலை என்று தேடுவதுதான் என் விளையாட்டு. 1992-ன் பேட்மேன் தொடரில் எந்த ஸ்டுடியோ வரைந்தது என்று கடைசிப் பெயர்ப் பட்டியலில் போடுவார்கள், வசதி. அதில் களிமண் மனிதனான கிளேஃபேஸ் கதை இரண்டு பாகம். முதல் பாகம் ஏகாம், இரண்டாவது ஜப்பானின் டிஎம்எஸ். இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள். இரண்டாவதின் முடிவில் அவன் உடம்பு கட்டுப்பாடில்லாமல் உருகி, முகத்துக்கு முகம் மாறும் இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.