கலப்பத்து

அன்புள்ள ஐயா,

எனக்கு 39 வயது. சென்னையில் மென்பொருள் வேலை. மலேசியாவின் லங்காவித் தீவில் 30 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. கண்ணாடியிழை உடல், டீசல் என்ஜின். வேலையை விட்டுவிட்டு மனைவி, மகளுடன் அதிலேயே வாழ எண்ணம். பாய் கையாளும் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டேன். பராமரிப்பையும் நானே கற்க வேண்டுமா? துறைமுகத்தில் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதாதா? எந்த ஜிபிஎஸ் நல்லது?

க.

அன்புள்ள க.,

ஜிபிஎஸ் எதையாவது வாங்குங்கள். பாய் பழகிவிடும். "ஆள் வைத்து" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கரையிலிருந்து 100 மைல் தள்ளி, இரவு இரண்டு மணிக்கு, படுக்கைக்குக் கீழே தண்ணீர் சலசலத்தால் எந்த ஆளைக் கூப்பிடுவீர்கள்? பக்கத்தில் உங்கள் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

சில நாட்களாக ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனையே நினைத்துக்கொண்டிருந்தேன். 1968 ஜூனில் ஒரு பாய்மரப் படகுப் போட்டிக்காக இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து தனியாகப் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் 312 நாட்களில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர். அவருடைய 'சுஹைலி' பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. அட்லாண்டிக்கில் போகும்போதே ஏராவை, அதாவது படகின் அடிமரத்தை, ஒட்டிய பலகைப் பொருத்து வாய்விட்டது. கடலுக்குள் முங்கி, பருத்தித் திரியை அடித்துப் பார்த்தார். ஒரு மூச்சுக்குள் முடிகிற வேலையாக இல்லை. மேலே வந்து, திரியைக் கித்தான் பட்டையில் வைத்துத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளை அதிலேயே குத்திக்கொண்டு மறுபடி இறங்கினார். இடையில் சுறா வந்தது. அதைச் சுட்டுவிட்டு, வேறு சுறா வருகிறதா என்று காத்திருந்து, திரும்பவும் இறங்கி அடித்து முடித்தார். அந்தப் போட்டியில் புறப்பட்டவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் இவர் ஒருவர்தான்.

இந்த வேலைக்கு எங்களிடம் கலப்பத்து என்று பெயர். தூத்துக்குடியில் என் பெரியப்பா ஓடாவி, படகு கட்டும் தச்சர். கரையேற்றிய தோணிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தொடையில் உருட்டித் திரித்த பஞ்சைப் பலகை இடுக்கில் உளி வைத்து அடிப்பார். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார். திரி நிறைய நிறைய ஓசை மாறும். முதலில் பொத்துப் பொத்தென்று கேட்கும், பிறகு கணீரென்று கேட்கும். பதினொரு வயதில் நான் இரண்டு முழம் அடித்தேன். பெரியப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கொக்கியை விட்டு முழுவதையும் உருவிப் போட்டார். அழுதுவிட்டேன். "கொழும்புக்குப் போகிற வழியில் தோணிக்காரன் அழுவதைவிட நீ இங்கேயே அழுதுகொள்" என்றார்.

கண்ணாடியிழைப் படகில் பலகை இடுக்கு ஏது என்பீர்கள். சரிதான். ஆனால் என்ஜினைக் குளிர்விக்கவும் கழிப்பறைக்கும் கடல்நீர் வருவதற்கென்றே அடியில் துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, ஒரு ரப்பர் குழாய், அதை இறுக்கும் கிளிப். கிளிப் துருப்பிடித்துக் குழாய் கழன்றால் கடல் உள்ளே வரும். அந்தத் துளைகள் எங்கெங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்ட முடியுமா உங்களால்? வால்வு கைக்குத் திரும்புகிறதா, இறுகிக் கிடக்கிறதா? ஒவ்வொன்றின் பக்கத்திலும், குழாய் கழன்றால் துளையை அடைக்க, கூம்பாகச் செதுக்கிய மர ஆப்பு கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். தொங்குகிறதா?

படகுக்கு இப்போது முன்பணம் கொடுக்காதீர்கள். படகுகளைக் கரையேற்றிச் சுரண்டுகிற பட்டறை ஒன்றில் மூன்று மாதம் கூலி கேட்காமல் போய் நில்லுங்கள். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அந்த லங்காவிப் படகைக் கரையேற்றச் சொல்லி, நீங்களே அடியில் படுத்துப் பாருங்கள். மகளை உடன் வைத்துக்கொண்டு ஆப்புகளைச் செதுக்குங்கள். எத்தனை ஆப்பு தேவைப்பட்டது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.