கை மட்டும் என் நிறத்தில்

அன்புள்ள மேடம்,

எனக்கு 26 வயது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தபோது, "தம்பி, கலரைக் கொஞ்சம் ஏத்திப் போடுங்க" என்றார் அம்மா. வந்த போட்டோவில் முகம் வெளுத்திருந்தது. மடியில் வைத்திருந்த கை மட்டும் என் நிறத்திலேயே இருந்தது. அதை மாற்ற மறந்துவிட்டார்கள். நேரில் வந்து பார்த்த ஒரு வீட்டார், "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. தோழி சொன்ன ஒரு க்ரீமை மெடிக்கலில் வாங்கி நாலு மாதமாகப் பூசுகிறேன். வெயிலில் போனால் முகம் எரிகிறது. ஆபீசில் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பதுபோல இருக்கிறது. என்ன செய்வது?

பெயர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த க்ரீம். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபிட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற தோல் நோய்க்கு டாக்டர் எழுதித் தருவது. நிறத்துக்காக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், எரியும், முகத்தில் முடிகூட வளரும். நிறுத்தியதும் சிலருக்கு முகம் சிவந்து எரியும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். அதனால் இந்த வாரமே ட்யூபோடு தோல் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் அந்தப் போட்டோ. வந்தவர்கள் சொன்னதற்கு முன்பே, ஸ்டூடியோவிலேயே உங்களுக்கு வலித்திருக்கும். எந்தக் குழந்தையும் தன் நிறத்தைக் குறையாக நினைத்துக்கொண்டு பிறப்பதில்லை. "வெயில்ல ஆடாதே, கறுத்துப் போயிடுவே" என்று கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. வளர்ந்தபின் யாரும் சொல்லாமலே அந்தக் குரல் உள்ளே பேசும். ஆபீசில் எல்லோரும் பார்ப்பதாகத் தோன்றுவதும் அதனால்தான். நம் முகத்தை நாம் கவனிக்கிற அளவுக்கு மற்றவர்கள் கவனிப்பதில்லை.

1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டது. நம் வீட்டு வரன் பேச்சிலிருந்துதான் அது இன்னும் போகவில்லை. உங்கள் அம்மாவும் அதைக் கேட்டே வளர்ந்திருப்பார். மகளை வேண்டாம் என்றுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அதற்காக உங்களுக்கு வலித்தது இல்லையென்று ஆகாது.

அந்தப் போட்டோவை அம்மாவிடம் எடுத்துப் போய்க் கையைக் காட்டுங்கள். "இதும்மா என் நிறம். இந்த நிறத்திலேயே ஒரு போட்டோ எடுப்போம்" என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். வருகிற வரன் குறையலாம், அதையும் அவரிடம் மறைக்க வேண்டாம்.

தூக்கம் கெட்டாலோ, வெளியே போகவே பயமாக இருந்தாலோ, தள்ளிப்போடாமல் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள். தோல் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.