“ராவுல கொழுந்து எடுத்தா யாரு நிறுப்பா?” – பிடித்த புத்தகங்கள் பற்றிச் சில கேள்விகள்

போன மாதக் கடைசி ஞாயிறு இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. வெளியே நல்ல மழை. வந்தவர்களிடம் ஆளுக்கொரு தாள் துண்டு கொடுத்து, பிடித்த புத்தகங்கள் பற்றி என்ன கேட்க நினைக்கிறார்களோ அதை எழுதித் தரச் சொன்னோம். “ஆளுக்கொரு துண்டு” என்று நான் சொன்னதும் பின்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் துண்டு என்றால் தோட்டத்து ஆளின் கடன்சீட்டு. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் இடம் மாற முடியும். 1921இல் அந்த முறையை எடுத்துவிட்டார்கள், சிரிப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது.

நேரம் போதவில்லை. பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொன்னேன், மீதிக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். எல்லாவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவன், விமர்சகன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சேர், உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள். ஏன் பிடிக்கும்? (உயர்தர மாணவி, கொட்டகலை)

ஒன்றே ஒன்று என்றால் தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’. 1979இல் வந்த சிறுகதைத் தொகுப்பு. இதைவிடப் பெரிய புத்தகங்களை வாசித்திருக்கிறேன் மகள், ஆனால் பிடித்தது இதுதான்.

ஏன் என்று கேட்டால் அவருடைய ‘மீன்கள்’ என்ற கதையைத்தான் சொல்வேன். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா ஒன்றில் தாய் தகப்பன், வளர்ந்த பிள்ளைகள், எல்லோரும் ஒன்றாகப் படுத்து எழும்ப வேண்டியிருக்கிறதே, அந்தச் சங்கடத்தை எழுதிய கதை. எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் அது. அதை அச்சில் பார்த்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டு விஷயத்தை இவர் எப்படி வெளியே சொல்லலாம் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அது எங்கள் வீட்டு வெட்கம் இல்லை, அந்தக் காம்பராவைக் கட்டியவனின் வெட்கம் என்று.

“ஏன் பிடிக்கும்” என்ற கேள்விக்கு நல்ல பதில் சொல்ல எனக்கு எப்போதும் வராது. யாராவது என்னிடம் புத்தகத்தைப் பற்றிப் பேசினால், “எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய்?” என்றுதான் கேட்பேன். அதற்கு உண்மையான பதில் வரும்.

எங்கள் அம்மாயிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவருக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்? (கொழும்பில் கடையில் வேலை செய்யும் இளைஞர், சொந்த ஊர் மஸ்கெலியா)

தம்பி, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன்.

என் அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. கொழுந்து எடுத்தவர். இரவில் குப்பி லாம்பைத் தரையில் வைத்து, அவர் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்குவார், நான் பக்கத்தில் குந்தியிருந்து வாசித்துக் காட்டுவேன். எப்படியோ கைமாறி வந்த ஒரு பழைய வார இதழ். அதில் தேயிலைத் தோட்டத்துக் காதல் கதை ஒன்று. கதாநாயகி நிலா வெளிச்சத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறாள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். அம்மாவின் கை சுளகில் நின்றுவிட்டது.

“ராவுல கொழுந்து எடுத்தா யாரு நிறுப்பா?”

அவ்வளவுதான் கேட்டார். நாளைக்கு மூன்று தரம் நிறுவைக்குக் கூடையை இறக்கி, கணக்கப்பிள்ளை எத்தனை ராத்தலைக் கழிப்பானோ என்று பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு வேறு என்ன கேள்வி வரும்? எழுதியவர் தேயிலைச் செடியைப் படத்தில் பார்த்திருப்பார் போல. அன்றைக்குப் பிறகு ஐம்பது வருடமாக எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், அது எந்த நாட்டுக் கதையாக இருந்தாலும், என் மண்டைக்குள் அம்மா உட்கார்ந்து “யாரு நிறுப்பா?” என்று கேட்கிறார்.

ஆகவே அம்மாயியிடம் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டாம், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேர்த்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வரி வாசிப்பதற்குள் அம்மாயி நிறுத்துவார். “அப்படி இல்லடா, எங்க பக்கம் வேற மாதிரி பாடுவோம்” என்பார். அந்த நேரத்தில் உங்கள் போனில் பதிவு போட்டுவிடுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டு உங்களுக்குக் கிடைக்கும். தீபாவளி லீவில் வரும்போது செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

நாவல் வாசித்துப் பழக்கமில்லை. மலையக நாவல் எதில் தொடங்கலாம்? (ஆடைத் தொழிற்சாலைப் பணியாளர், பண்டாரவளை)

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. 1964இல் வந்தது. தலைப்பிலேயே பாதிக் கதை இருக்கிறது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா, தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி ஆள் சேர்த்த கங்காணிமார் காட்டிய பச்சையும் அதுதான். மொழி கடினமில்லை. முதல் 30 பக்கத்தைத் தாண்டிவிட்டால் பிறகு அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். தாண்ட முடியாவிட்டாலும் குற்றமில்லை, சிறுகதைக்கு வாருங்கள். வேலை முடிந்து வரும் ஆளுக்குச் சிறுகதைதான் வசதி.

சேர், ஒன்று கேட்டால் கோபிக்கக் கூடாது. மலையக இலக்கியம் என்றாலே அழுகைதான். லயம், அட்டைக்கடி, பசி, சாவு. எனக்கு அதில் ஒரு புத்தகமும் பிடிக்கவில்லை. பிடித்த மாதிரி நடிக்க வேண்டுமா? (பதுளை, 24 வயது)

கோபமில்லை. துண்டுகளிலேயே நல்ல கேள்வி இதுதான்.

நடிக்க வேண்டாம். எனக்கும் ஒரு காலத்தில் அலுத்துப்போனது. ஒரே அட்டை, ஒரே மழை, கடைசியில் ஒரு சாவு. தோட்டத்துக் கஷ்டத்தை எழுதினாலே கதை நல்ல கதையாகிவிடாது. அப்படி எழுதப்பட்டவற்றில் சுமாரானவை நிறைய உண்டு, அவற்றைக் கடமைக்காக வாசித்து முடிக்கத் தேவையில்லை.

ஆனால் “ஒரு புத்தகமும்” என்கிறீர்களே, அங்கேதான் சண்டை பிடிப்பேன். நம்முடைய ஆட்கள் வெறுமனே அழுதவர்கள் இல்லை. நாட்டார் பாடல்களில் கங்காணியை எப்படிக் கிண்டல் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பகலில் முன்னால் கைகட்டி நின்றவர்கள்தான் மலையில் ஏறியதும் அவனைப் பாட்டில் வைத்துக் கிழித்திருக்கிறார்கள். தெளிவத்தை ஜோசப்பிடம் அந்த நையாண்டி நிறைய உண்டு. நீங்கள் பதுளை ஆள், அவரும் பதுளைப் பக்கம் ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்ததால்தான் அந்தப் பெயர்.

இன்னொன்று, மலையகத்தான் எழுதினால் தோட்டத்தைத்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவருடைய ‘குடை நிழல்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள், 2010இல் வந்தது. யுத்த காலத்துக் கொழும்பு. தமிழன் என்பதற்காகச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு குடும்பஸ்தனின் கதை. அட்டை இல்லை, கொழுந்து இல்லை. 2013இல் தமிழ்நாட்டில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்த பிறகுதான் நம்மவர்கள் சிலர் அவரைத் தேடி வாசித்தார்கள். அது வேறு கதை, அதைச் சொன்னால் எனக்குத்தான் வயிறு எரியும்.

அதுவும் பிடிக்கவில்லை என்றால் துப்பறியும் கதை வாசியுங்கள். சும்மா சொல்லவில்லை. வாசிக்கிற கை வாசித்துக்கொண்டிருந்தால் போதும்.

தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் நம்மைப் பற்றி எழுதியதில் எது பிடிக்கும்? (தொழிற்சங்கத்தில் இருந்தவர், தலவாக்கலை)

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. 1930களில் எழுதியது. திருநெல்வேலிப் பக்கத்து ஏழைப் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிகிற கதை. நாங்கள் அக்கரையில் இருந்து பார்த்த வாழ்க்கையை அவர் இக்கரையில் இருந்து பார்த்திருக்கிறார். இல்லை, கரையை மாற்றிச் சொல்லிவிட்டேன், எது அக்கரை எது இக்கரை என்பதில் நமக்கு எப்போதும் குழப்பம்தானே.

கூடவே ‘எரியும் பனிக்காடு’ வாசியுங்கள். அது நம் மலை இல்லை, வால்பாறை. பி. எச். டேனியல் என்ற தோட்டத்து டாக்டர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தார். மலை வேறு, ஆனால் கங்காணி, கடன், குளிர் எல்லாம் ஒன்று. முதல் தரம் வாசித்தபோது தோட்டத்துப் பெயர்களை மறந்துவிட்டு நம் பொகவந்தலாவை என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

ஐயா, தலவாக்கலை என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். 1947இல் உங்கள் தொகுதியில் இருந்துதான் சி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் போனார். மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அவருக்கு வாக்குப் போட்ட சனம் நாடற்றவர்களாகிப் போனது. தேயிலைத் தோட்டம் பற்றிய நீள்கவிதையை அந்த மனிதர் ஆங்கிலத்தில் எழுதினார். சக்தீ அ. பால ஐயா அதைத் தமிழாக்கியதுதான் ‘தேயிலைத் தோட்டத்திலே’. எங்கள் ஆள் எங்களைப் பற்றி எழுதியதே எங்களுக்கு மொழிபெயர்ப்பில்தான் வந்து சேர்ந்தது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும்.

சரித்திரப் புத்தகம் பிடிக்கும் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். (கண்டி, பல்கலைக்கழக மாணவர்)

சிரிக்கட்டும். இரா. சடகோபனின் ‘கண்டிச் சீமையிலே’ புத்தகத்தை அவர்களிடம் நீட்டுங்கள். நாம் வந்தது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல். கோப்பி இலையில் துரு நோய் கண்டது 1869இல். அதற்கு முன்பே இரண்டு தலைமுறை சனம் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் செத்தது போக மிச்சம் வந்து சேர்ந்திருந்தது. நம் பழைய பாட்டுகளில் இன்னமும் கோப்பிக் கன்றுதான் நிற்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

போனில் வாசித்தால் அது வாசிப்பா? (பெயர் ஊர் இல்லை)

வாசிப்புதான். மேலே சொன்னவற்றில் பல கடையில் கிடைக்காது. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாக உண்டு, தேடிப் பாருங்கள். டேட்டா மிச்சம் இருக்கும் இரவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலையில் நூலக அறை இருக்கிறது, சாவி அதிபரிடம் இருக்கிறது. பிள்ளைகள் கடந்தகால வினாத்தாளைத் தவிர ஒன்றும் தொடுவதில்லை. என்ன செய்யலாம்? (ஆசிரியை, பொகவந்தலாவை)

டீச்சர், சாவிக்குக் காத்திருக்காதீர்கள். நான் படிப்பித்த ஒரு பாடசாலையிலும் இதே கதைதான். புத்தகம் அழுக்காகிவிடும் என்று பூட்டி வைத்தார்கள், கறையான் சுத்தமாகத் தின்றது. பிறகு நான் ஒரு தேயிலைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, சொந்தப் புத்தகம் 40 போட்டு வகுப்பு மூலையில் வைத்தேன். பதிவுக் கொப்பியில் இரண்டே கேள்வி. என்ன புத்தகம்? எந்தப் பக்கத்தில் நின்றாய்? சுருக்கம், படிப்பினை, ஆசிரியர் குறிப்பு எதையும் கேட்கவில்லை. படிப்பினை கேட்ட அன்றைக்கே புத்தகம் வினாத்தாளாகிவிடும்.

ஒரு பையன் வாரக்கணக்காக எல்லாப் புத்தகத்துக்கும் “முதல் பக்கம்” என்றே எழுதிக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் “61” என்று எழுதியிருந்தான். என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’. ஏன் அங்கே நின்றாய் என்று கேட்டேன். “மண்ணெண்ணெய் முடிஞ்சிருச்சு சேர்” என்றான்.

நீங்கள் தந்த புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எடுத்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது. திருப்பித் தர வெட்கமாக இருக்கிறது. (பெயர் இல்லை)

பெயர் எழுதாவிட்டால் என்ன, அந்த ‘ற’வைச் சுழிக்கிற கையெழுத்தை நான்தானே திருத்தினேன்.

பெட்டியில் போட்ட 40இல் கடைசியாக எண்ணியபோது 17 இருந்தது. மற்றது எல்லாம் எங்கேயோ யார் வீட்டு அடுப்புப் புகையிலோ இருக்கும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் இருப்பது தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ என்று நினைக்கிறேன், பின்னட்டையில் பிளேன்டீ வட்டம் இருக்கும், அந்த வட்டம் நான் வைத்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அதைக் கேட்டு மூன்று பேர் காத்திருக்கிறார்கள். இன்னும் வாசித்து முடிக்கவில்லை என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்படியானால் எந்தப் பக்கம் என்று இன்னொரு துண்டில் எழுதி அனுப்புங்கள்.