எண்ணோடு பேச்சையும் சேர்த்துப் படிப்பது: இளையோர் நலன் ஆய்வு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மேடம், உணவுப் பழக்கம் பற்றி 200 மாணவிகளிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கிவிட்டேன். பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசவும் சொல்கிறார் கைடு. எதற்கு? (முதுகலை நர்சிங் மாணவி)

பதில்: பசிபிக் தீவு நாடான ஃபிஜியில் ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த ஆய்வைப் பாருங்கள். நட்ரோகா பகுதிக்கு 1995இல் டிவி வந்தது. வந்த சில வாரங்களிலேயே 63 பள்ளி மாணவிகளிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 1998இல் மறுபடியும் 65 பேரிடம். சாப்பிடும் பழக்கத்தில் சிக்கல் இருப்பதைக் காட்டும் மதிப்பெண் வாங்கியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். பூசினாற்போன்ற உடம்பைப் போற்றிய சமூகம் அது! ஏன் இப்படி ஆனது? பேசிப் பார்த்தபோது, டிவியில் வரும் பெண்களைப் போல மெலிந்தால் வேலை கிடைக்கும் என்று சில பெண்கள் சொன்னார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் ‘அழகு மோகம்’ என்று முடித்திருப்போம். அந்தப் பிள்ளைகளின் கவலை பிழைப்பைப் பற்றியது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: 1995, 1998 இரண்டு முறையும் கேட்டது வேறு வேறு மாணவிகளிடம். அதனால் டிவிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: நலன் மதிப்பெண் நன்றாக இருக்கிறது, பேசும்போது அழுகிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும். நலனை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கிறது. அப்புறம், எங்கே உட்கார்ந்து நிரப்பினார்கள் என்று பாருங்கள். வகுப்பாசிரியர் மேசைப் பக்கத்தில் வைத்து நிரப்பச் சொன்னால் பிள்ளை என்ன எழுதும்? முரண்பாட்டை மறைக்காமல் எழுதுங்கள், அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

கேள்வி: படிவத்தைத் தமிழாக்கினால் போதுமா?

பதில்: நான்கைந்து பேரிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். ‘காலையில் ஃப்ரெஷ்ஷாக எழுந்தேன்’ என்று எழுதினால், குளித்ததைக் கேட்பதாகச் சிலர் நினைக்கலாம்.

கேள்வி: பெற்றோர் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதும்தானே? (பள்ளி ஆசிரியர்)

பதில்: போதாது சார். பதினெட்டுக்குக் கீழே என்றால் பிள்ளையின் சம்மதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் சரி, விட்டுவிடுங்கள். பேச்சின் நடுவே ஒரு பிள்ளை ‘சாகத் தோன்றுகிறது’ என்று சொன்னால் யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் நேர்காணலுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.